மவுஸ் உங்கள் கையில் இருக்கட்டும்

எனக்கு 54 வயது. ஊராட்சிச் செயலராக இருக்கிறேன். ஊராட்சிக் கணக்குகளுக்கான இ-கிராம் சுவராஜ் இணையதளத்தில் கணக்கு ஏற்ற ஓர் இளைஞரையே நம்பியிருக்கிறேன். இனிமேல் நான் கற்றுக்கொள்ள முடியுமா?
– வாசகி, அனுமந்தை

தாராளமாக முடியும், அம்மா. பணியிடத் தொழில்நுட்பம் பற்றி விஸ்வநாத் வெங்கடேஷ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வு வயது, பாலினம், அனுபவம் எல்லாவற்றையும் பார்த்தது. உதவியும் வசதியும் அருகில் இருப்பது, அனுபவமுள்ள மூத்த ஊழியர்களுக்கே அதிகம் கைகொடுக்கிறது என்று கண்டது. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் மவுஸை நீங்கள் பிடியுங்கள். அந்தத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதி வையுங்கள். இ-கிராம் சுவராஜ் தளமே 2020 ஏப்ரலில்தான் வந்தது. ஊராட்சிக் கணக்கோ உங்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம். கடவுச்சொல்லை மட்டும் இன்றே மாற்றிவிடுங்கள். உங்கள் பெயரில் ஏறும் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.