கறைக்கு எலுமிச்சை, பிசுக்குக்குப் பூந்திக்கொட்டை, நாற்றத்துக்கு?

பாத்ரூம் கழுவ எந்த மூலிகை நல்லது என்று கேட்பவர்கள், முதலில் தங்களுக்குத் தொந்தரவு எது என்று பார்த்துக்கொள்வது நல்லது. கறையா, பிசுக்கா, நாற்றமா, கிருமியா? நான்குக்கும் மருந்து வேறு. உப்புக்கறை மேல் வேப்பிலைக் கஷாயத்தை ஊற்றினால் வேப்பிலைதான் வீண். 'ஹெர்பல்' என்று பச்சை லேபிள் ஒட்டிய பாட்டில் நான்கையும் ஒரே மூச்சில் முடிப்பதாகச் சொல்லும். அடுக்களைப் பொருள்களுக்கு அந்த வாய்ச்சவடால் கிடையாது.

போர் தண்ணீர் வீடுகளில் முதல் எதிரி உப்புக்கறை. குழாயின் கழுத்திலும், ஷவர் துளைகளிலும், பக்கெட்டின் உள்விளிம்பிலும் சுண்ணாம்பு பூசியதுபோல் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்கப் புளிப்புதான் வேண்டும். எதன் புளிப்பு என்பதில்தான் தேர்வு. பித்தளைக் குழாய் என்றால் புளியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் வெள்ளை டைல்ஸில் புளியைத் தேய்த்தால் இடுக்குகளில் பழுப்பு ஏறும், சக்கை வடிகாலில் போய் அடைக்கும். பளபளக்கும் ஸ்டீல், குரோம் குழாய்களுக்குச் சாறு பிழிந்த எலுமிச்சை மூடியே போதும். தேய்த்துப் பத்து நிமிஷம் விட்டுக் கழுவிவிட வேண்டும். இரவு முழுக்க ஊறவிட்டால் பூச்சு மங்கலாம். ஷவருக்கு ஒரு வழி உண்டு: பாலிதீன் பையில் வெதுவெதுப்பான நீரும் இரண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பும் கலந்து, ஷவர் முகம் மூழ்கும்படி பையை ரப்பர் பேண்டால் கட்டி அரைமணி விடுங்கள். கழற்றிப் பழைய பிரஷ்ஷால் துளைகளைத் தேய்த்தால் வெள்ளைத் துணுக்குகள் உதிரும். (மளிகைக் கடை எலுமிச்சை உப்பு எலுமிச்சையிலிருந்து வருவதில்லை, ஒருவகைப் பூஞ்சையை வைத்துச் சர்க்கரையை நொதிக்கவிட்டு எடுப்பது. அதனால் அதன் வேலையில் குறையொன்றும் இல்லை.)

தரை மார்பிளோ மொசைக்கோ என்றால் இந்தப் புளிப்பு எதுவும் வேண்டாம். மார்பிளே கால்சியம் கார்பனேட்தான். கறையோடு சேர்ந்து கல்லின் மெருகும் கரைந்துபோகும்.

இப்போது பலர் வீட்டில் வைத்திருக்கும் பயோ என்சைமும் இந்தப் புளிப்புக் கூட்டத்தில்தான் சேரும். வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்து பங்கு. மூன்று மாதம் ஊறினால் தயார். கண்ணாடி பாட்டில் கூடாது. முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை வெளியேற்றாவிட்டால் வெடிக்கும். பெயரில் என்சைம் இருந்தாலும் அழுக்கைக் கரைப்பதில் பெரும்பங்கு அதில் ஊறிய அமிலத்துடையது. வாராவாரம் டைல்ஸ் துடைக்க அருமை. வருஷக்கணக்கில் இறுகிய கறையிடம் தோற்கும். அவசரக்காரர்களுக்கு வினிகர் போதும். ஆனால் வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்குவதைக் கண்டு மகிழாதீர்கள். ஒன்றின் வீரியத்தை மற்றது தீர்த்துவிடும், மிச்சம் கிடப்பது ஏறக்குறைய உப்புத் தண்ணீர்.

எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தரையில் நிற்கும் வழுவழுப்புக்கும், சோப்பு படிந்த சுவருக்கும் புளிப்பைவிட நுரைதான் சரி. இங்கே என் ஓட்டு பூந்திக்கொட்டைக்கு. சீயக்காயும் செய்யும்தான், ஆனால் விலை கூடுதல். தூள் இடுக்கில் தங்கும். அதைத் தலைக்கே வைத்துக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு பூந்திக்கொட்டையை உடைத்து, கறுப்பு விதையை எறிந்துவிட்டு, தோலை மட்டும் ஒரு லிட்டர் வெந்நீரில் இரவு ஊறவைத்து, காலையில் ஒரு கொதி விட்டுப் பிசைந்து வடிகட்டுங்கள். கடைச் சோப்பின் நுரையை எதிர்பார்க்க வேண்டாம், பிசுக்கு போகும். வெளியே வைத்தால் இரண்டு நாளில் புளித்து வாடை அடிக்கும், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். கண்ணில் பட்டால் எரிச்சல் பொறுக்காது.

நாற்றத்துக்கு மூலிகை தேடுமுன் தரையில் இருக்கும் வடிகால் மூடியைத் தூக்கிப் பாருங்கள். சோப்பும் முடியும் சுருண்டு ஒரு கறுப்பு உருண்டையாகக் கிடக்கும். பாதி வீடுகளில் வாசனைப் பிரச்சினை அதோடு முடிந்துவிடும். அதிகம் புழங்காத பாத்ரூம் என்றால் அடியில் ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்து சாக்கடை வாடை மேலேறும். இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

பிறகுதான் மணம். வெட்டிவேர், ஈரம் பட்டால்தான் மணக்கும். ஜன்னல் உள்ள, காற்றாடும் பாத்ரூமில் சிறு கட்டாகத் தொங்கவிட்டு வாரம் ஒருமுறை வெயிலில் காயப்போட்டால் மாதக்கணக்கில் வரும். ஜன்னலில்லாத ஃபிளாட் பாத்ரூமில் அதுவே பூஞ்சை பிடிக்கும். அங்கே எலுமிச்சைப்புல் எண்ணெயோ நீலகிரித் தைலமோ மேல். நேராகத் தண்ணீரில் விடக் கூடாது. எண்ணெய் மிதந்து தரையில் படிந்து வழுக்கும், வயதானவர்கள் உள்ள வீட்டில் அது ஆபத்து. பூந்திக்கொட்டைக் கரைசலில் நாலைந்து சொட்டு விட்டுக் குலுக்கித் துடையுங்கள், கலந்து நிற்கும். பூனை வளர்ப்பவர்கள் தைலங்களைத் தவிர்ப்பது நல்லது. பூனைக்கு அவை நச்சு.

கற்பூரமா பாச்சை உருண்டையா என்றால், இரண்டில் கற்பூரம். நாப்தலீன் உருண்டை, ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. கற்பூரத்தையும் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரும், அதனால் எட்டாத உயரத்தில் துளையிட்ட டப்பாவில் வையுங்கள். ஆனால் மூலிகை என்று நினைத்து வாங்காதீர்கள், பூஜைக் கற்பூரம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வது. சாம்பிராணி கூடத்தோடு நிற்கட்டும். காற்றில்லாத அறையில் புகை மூச்சை அடைக்கும்.

கிருமி விஷயத்தில் மட்டும் நான் மூலிகைப் பக்கம் நிற்க மாட்டேன். வேப்பிலைக் கஷாயம், மஞ்சள், துளசி எதுவும் கழிப்பறைப் பீங்கானுக்கு நம்பத்தக்க கிருமிநாசினி அல்ல. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கோ டைபாய்டோ என்றால் பிளீச்சிங் கரைசலை எடுங்கள். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் அளவாக, தேவைப்படும்போது மட்டும். தொட்டியில் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்களையும் அது கொல்லும். பிளீச்சிங்கை எடுக்கும் நாளில் எலுமிச்சை, வினிகர், பயோ என்சைம் மூன்றும் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். புளிப்பு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் நாள் புளிப்பு போட்ட இடம் என்றால் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கதவைத் திறந்து வைத்த பிறகே பிளீச்சிங்கைத் தொடுங்கள்.