சம்பளச் சீட்டு இல்லாத டீ மாஸ்டருக்கு இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 37. திண்டுக்கல்லில் டீ மாஸ்டராக வேலை பார்க்கிறார். நான்கு மாதங்களுக்கு முன் கரூர் அருகே பைக்கில் போனபோது, பின்னால் வந்த கார் மோதி வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பிளேட் வைத்திருக்கிறார்கள். எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்று. கார்காரர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 30,000 ரூபாய் தந்தார். இப்போது ‘வழக்கு வேண்டாம்’ என்று எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார். இவருக்குத் தினச் சம்பளம் கையில்தான், எந்தச் சீட்டும் கிடையாது. லைசென்ஸும் காலாவதியாகியிருந்தது. பிளேட்டை எடுத்த பிறகு கேஸ் போட்டால் போதும் என்கிறார்கள். சரியா? – வாசகி, திண்டுக்கல்

பதில்: சரியில்லை சகோதரி. கையெழுத்தும் போடாதீர்கள், பிளேட் எடுக்கும் நாளுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். 1994 முதல் பல ஆண்டுகள் இந்த வழக்குகளுக்குக் காலவரம்பே இல்லாமல் இருந்தது. அந்தப் பழக்கத்தில்தான் உங்களுக்கு யோசனை சொல்கிறார்கள். 1.4.2022 முதல் மோட்டார் வாகனச் சட்டம் 166(3) பிரிவின்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். இந்த வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குகள் போயிருப்பது உண்மை. அதை நம்பி நீங்கள் நாளைக் கடத்த வேண்டாம். ஊனம் எத்தனை சதவீதம் என்பதை வழக்கு நடக்கும்போது மெடிக்கல் போர்டு பார்த்துச் சொல்லும். மனுப் போடுவதற்கு அந்தச் சான்று தேவையில்லை.

விபத்து கரூர் பக்கம் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல் தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம். கார் உரிமையாளரையும் இன்சூரன்ஸ் கம்பெனியையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். இவ்வளவு அவசரமாகக் கையெழுத்துக் கேட்கிறார் என்றால், அந்தக் காருக்கு விபத்து நாளில் இன்சூரன்ஸ் நடப்பில் இருந்ததா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். வண்டி எண்ணை வைத்துப் பரிவாகன் தளத்தில் தேடலாம். இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் உரிமையாளர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. வாங்கிய 30,000 ரூபாயை மனுவில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, முதலில் கொண்டுபோன மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ஏ.ஆர். காப்பியை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். வலியில் துடிப்பவரிடமோ கூட வந்தவரிடமோ அவசரமாகக் கேட்டு எழுதுவது அது. கார் மோதியது என்பதற்குப் பதில் ‘பைக்கிலிருந்து தவறி விழுந்தார்’ என்று இருந்தால், இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் முதலில் எடுத்து நீட்டுவது அந்த ஒரு வரியைத்தான். அப்படி இருந்தால் உங்கள் வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், எஃப்.ஐ.ஆர்., மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, நேரில் பார்த்தவர் சாட்சியம் ஆகியவற்றைக் கொண்டு சமாளிக்கலாம். காயச் சான்றையும் பாருங்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். அதில் ‘சாதாரணக் காயம்’ என்று இருந்தால் டாக்டரிடம் கேட்டுத் திருத்த வேண்டும்.

லைசென்ஸ் காலாவதியானதற்குப் போலீஸ் அபராதம் போடலாம். ஆனால் லைசென்ஸ் இல்லை என்பது மட்டுமே ஓட்டியவரின் கவனக்குறைவு ஆகிவிடாது என்று 2008-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்னாலிருந்து மோதியது யார் என்பதே கேள்வி.

சம்பளச் சீட்டுக்கு வருவோம். சையது சாதிக் வழக்கில் (2014) காய்கறி வியாபாரி ஒருவருக்கு எந்த வருமான ஆவணமும் இல்லாமலேயே மாதம் 6,500 ரூபாய் வருமானம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. அவருக்கு விபத்து நடந்தது 2008-ல். உங்கள் கணவருக்குக் கடை முதலாளியே வந்து சாட்சி சொன்னால் இன்னும் பலம். வரத் தயங்குவார்; பேசிப் பாருங்கள்.

பணத்தைத் தீர்மானிக்கப்போவது வேறொன்று. போர்டு, உதாரணத்துக்கு, 20 சதவீத ஊனம் என்று எழுதலாம். அது உடலின் கணக்கு. ராஜ்குமார் வழக்கில் (2010) உச்ச நீதிமன்றம், அந்த ஊனம் அவரவர் தொழிலில் எவ்வளவு வருமானத்தைக் குறைக்கிறது என்று பார்க்கச் சொன்னது. கையை இழந்த டிரைவரும் குமாஸ்தாவும் ஒன்றல்ல. டீ மாஸ்டர் நாள் முழுக்க வலது கையைத் தலைக்குமேல் தூக்கி ஆற்ற வேண்டும், கொதிக்கும் பால் சட்டியைத் துணியால் பிடித்து இறக்க வேண்டும். மணிக்கட்டு திரும்பாதவருக்கு அந்த வேலை ஏது? இதைக் கூண்டில் ஏறி அவரே விளக்க வேண்டும். டாக்டரிடமும் கேள்வியாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். தவறினால், சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கிக் கொடுத்து முடித்துவிடுவார்கள்.

மாத வருமானம் 15,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் ஏற்பதாக வைத்துக்கொள்வோம். 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டினால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. 36 முதல் 40 வயதுவரை பெருக்கல் எண் 15, ஆக 37,80,000. இதில் வருமான இழப்பு 20 சதவீதம் என்றால் 7,56,000 ரூபாய், 40 சதவீதம் என்றால் 15,12,000 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, வேலையில்லாத மாதங்களின் சம்பளம், பிளேட் எடுக்க ஆகப்போகும் செலவு எல்லாம் தனி.

லோக் அதாலத்தில் பேசி முடிக்கலாம். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் அப்பீல் கிடையாது. போர்டு சான்று வருவதற்கு முன் எந்தத் தொகைக்கும் தலையாட்டாதீர்கள். வரும் தொகையில் சதவீதம் கேட்கும் வக்கீலும் வேண்டாம். பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது. கட்டணம் கட்ட வழியில்லையென்றால் திண்டுக்கல் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள், வக்கீலை அவர்களே நியமிப்பார்கள். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட முழுதாக இருக்காது. இந்த வாரமே எஃப்.ஐ.ஆர். நகலோடு கிளம்புங்கள்.