வேண்டாத அழைப்புகளும் வீட்டின் அமைதியும்

(மேல்நிலை வகுப்பு, குடிமையியல் மன்றக் கட்டுரை)



1876-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் ஆறே ஆண்டுகளில், 1882 ஜனவரியில், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. ஆயினும் நெடுங்காலம் அது அலுவலகங்களுக்கும் வசதி படைத்தோர் இல்லங்களுக்குமே உரியதாக இருந்தது. தெருவிலே ஒரு வீட்டில் தொலைபேசி இருந்தால், அத்தெருவார் அனைவருக்கும் அதுவே தொலைபேசி. மணி ஒலித்தால் பிறப்போ, இறப்போ, வேலைக்கான உத்தரவோ என்று எல்லோரும் செவி கொடுப்பர். 1995 ஜூலை 31 அன்று இந்தியாவின் முதல் கைப்பேசி உரையாடல் நடைபெற்றது. இன்று ஏழை எளியோர் கையிலும் கைப்பேசி உண்டு.

இது பெரும் நன்மையே. ஆனால் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தால் வேண்டாதவரும் நுழைவார் அன்றோ? அம்மா அடுப்படியில் இருக்கும் வேளையிலும், நாம் தேர்வுக்குப் படிக்கும் வேளையிலும், நோயுற்ற தாத்தா கண்ணயரும் வேளையிலும் மணி ஒலிக்கிறது. எடுத்தால், "கடன் வேண்டுமா? மனை வேண்டுமா? கடன் அட்டை வேண்டுமா?" என்று அறிமுகமில்லாத ஒரு குரல் கேட்கிறது. இவ்வழைப்புகள் ஏன் வருகின்றன, இவற்றைத் தடுக்க நமக்குள்ள உரிமை யாது, எவ்வாறு பதில் கூறுவது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அழைப்புகள் வருவது ஏன்?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பேரை அழைக்க ஒரு வணிகருக்கு 2,000 ரூபாய் செலவாகிறது என்றும், பொருளை வாங்கும் ஒவ்வொருவராலும் 1,000 ரூபாய் இலாபம் என்றும் வைத்துக்கொள்வோம். 997 பேர் மறுத்து, மூவர் மட்டும் வாங்கினாலும் அவருக்கு 1,000 ரூபாய் மிஞ்சும். மறுத்த 997 பேரின் நேரமும் அமைதியும் அவருடைய கணக்கேட்டில் ஏறுவதே இல்லை. தொல்லை தொடர்வதற்கு இதுவே மூலகாரணம். தமக்குச் செலவில்லாத ஒன்றைப் பிறர் சிக்கனமாகச் செலவிட மாட்டார்கள்.

அழைப்பவர் ஒவ்வோர் எண்ணாகச் சுழற்றிக்கொண்டிருப்பதும் இல்லை. பல நிறுவனங்களில் கணிப்பொறியே ஒரே நேரத்தில் பல எண்களை அழைக்கிறது. யார் எடுக்கிறாரோ, அவரைப் பேசுவதற்கு ஓய்வாக இருக்கும் ஊழியரோடு இணைக்கிறது. எடுத்தவுடன் சில நொடி ஓசையே இல்லாமல் இருப்பதும், சில வேளை தானே துண்டிக்கப்படுவதும் இதனால்தான். அந்நேரம் பேசுவதற்கு ஊழியர் எவரும் ஓய்வாக இல்லை என்பதே பொருள்.

நம் எண் அவர்களுக்குக் கிடைப்பது எப்படி? பொருட்காட்சியில் குலுக்கல் பரிசுச் சீட்டை நிரப்புகிறோம். துணிக்கடையில் பணம் செலுத்தும்போது எண்ணைக் கேட்டவுடன் சொல்லிவிடுகிறோம். கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கும்போது, படித்துப் பாராமலே எல்லாவற்றுக்கும் இசைவு தருகிறோம். இப்படிச் சேரும் எண்கள் பட்டியலாகிக் கைமாறுகின்றன. ஆகவே, "எண் எதற்கு?" என்று பணிவாகக் கேட்பதும், தேவையில்லாத இடத்தில் தர மறுப்பதும் முதற் காப்பு. வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு.

சட்டம் தரும் பாதுகாப்பு

நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 1997-இல் அமைக்கப்பட்டது. 'டிராய்' என்று நாம் செய்தித்தாளில் படிப்பது இதனையே. வேண்டாத வணிக அழைப்புகளைக் கட்டுப்படுத்த இவ்வாணையம் 2007-இலும், பின்னர் 2010-இலும், 2018-இலும் விதிகள் வகுத்தது. 2018-ஆம் ஆண்டு விதிகள் 2025 பிப்ரவரியில் மேலும் கடுமையாக்கப்பட்டன. அவற்றுள் நாம் அறிய வேண்டியவை சில:

முதலாவது, பதிவு செய்தல். நம் எண்ணிலிருந்து 1909 என்ற எண்ணை அழைத்து, விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதிவு செய்யலாம். 'ஸ்டார்ட்' என்ற ஆங்கிலச் சொல்லையும், ஓர் இடைவெளி விட்டு 0 என்ற எண்ணையும் அதே 1909-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினாலும் போதும். எல்லாவற்றையும் மறுக்க விரும்பாதவர் வங்கி, வீடு மனை, கல்வி, மருத்துவம் முதலிய பிரிவுகளில் வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றவற்றை மறுக்கலாம். இப்படிப் பதிந்தாலும் வங்கிக் கணக்கில் பணம் வந்த செய்தி போன்ற தேவையான தகவல்கள் நின்றுவிடமாட்டா.

இரண்டாவது, எண்ணைக் கொண்டு இனங்காணல். பதிவு பெற்ற நிறுவனங்களின் விளம்பர அழைப்புகள் 140 என்று தொடங்கும் எண்களிலிருந்து வரவேண்டும். வங்கி முதலியன தம் வாடிக்கையாளரைப் பணி தொடர்பாக அழைப்பதற்கு 1600 என்று தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து ஒருவர் விற்பனைக்கு அழைத்தால், அவர் விதியை மீறுகிறார் என்று அறியலாம்.

மூன்றாவது, புகார். விதியை மீறி வந்த அழைப்பைப் பற்றி, அழைப்பு வந்த ஏழு நாட்களுக்குள் 1909-இல் முறையிடலாம். அழைத்த எண்ணையும் நாளையும் குறித்து வைத்திருப்பது அவசியம். ஆணையத்தின் 'டி.என்.டி.' செயலி வழியாகவும் புகார் செய்யலாம். பதிவு பெறாத எண்ணிலிருந்து தொல்லை வந்தால், நாம் முன்னரே பதிவு செய்திராவிட்டாலும் புகார் கொடுக்க 2025-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்கிறது. இணைப்பைத் துண்டித்தல் வரை தண்டனை உண்டு.

"ஒருத்தி புகார் செய்து என்ன ஆகப்போகிறது?" என்று சிலர் கேட்பர். மேலே போட்ட கணக்கை நினைவுகூர்க. நம் புகார்தான் அந்த வணிகரின் கணக்கேட்டில் நம் பெயரால் ஏறும் முதல் செலவு. ஓர் எண்ணைப் பற்றி ஐந்து பேர் பத்து நாட்களுக்குள் முறையிட்டாலே அதன்மேல் நடவடிக்கை தொடங்க இன்றைய விதி இடம் தருகிறது. சிறு துளி பெருவெள்ளம் அல்லவா?

பதில் கூறும் முறை

பலர் மறுக்கும்போது ஒரு காரணம் சொல்கிறார்கள். அதுவே தவறு. அழைப்பவர் கையில் எழுதி வைத்த உரையாடல் ஒன்று இருக்கும். அதில் ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மறுமொழி உண்டு.

"பணம் இல்லையே!" என்றால், "தவணையில் கட்டலாம் மேடம்" என்பார்.

"அப்பா வீட்டில் இல்லை" என்றால், "எப்போது வருவார்?" என்பார்.

இவ்விரண்டாவது பதில் நமக்கு ஆபத்தும் ஆகும். பள்ளி விட்டு வந்து தனியே இருக்கும் சிறுமி, வீட்டில் பெரியவர் இல்லை என்று முகமறியாதவரிடம் ஒருபோதும் சொல்லலாகாது. "எங்களுக்கு வேண்டாம். இனி இந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். வணக்கம்." இவ்வளவே போதும். காரணம் கூறாத மறுப்புக்கு மறுமொழி கிடையாது. சொல்லி முடித்தவுடன் வைத்துவிடலாம். அது மரியாதைக் குறைவு ஆகாது.

அதே நேரத்தில், வசை மொழி வேண்டாம். மறுமுனையில் பேசுகிறவள் நம் அக்காளைப்போல் படித்து முடித்து, குடும்பத்துக்காக வேலைக்கு வந்த ஒரு பெண்ணாக இருக்கலாம். நாள் முழுவதும் முகமறியாதவரின் ஏச்சைக் கேட்டுக்கொண்டே அவள் சம்பளம் பெறுகிறாள். அழைப்பை மறுப்பது நம் உரிமை. அவளை இழிவாகப் பேச நமக்கு உரிமை இல்லை. கோபத்தை வாயில் காட்டாமல், புகாரில் காட்டுவதே அறிவுடைமை.

தொல்லையும் மோசடியும்

விற்பனை அழைப்பு தொல்லை. ஆனால் அதே வழியாக வரும் மோசடி அழைப்பு குடும்பத்தையே கவிழ்த்துவிடும். "உங்கள் வங்கி அட்டை முடங்கிவிட்டது, வந்திருக்கும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்" என்பது ஒரு வகை. "உங்கள் பெயரில் போதைப்பொருள் பொட்டலம் பிடிபட்டுள்ளது, உங்களை 'டிஜிட்டல் கைது' செய்திருக்கிறோம், யாரிடமும் பேசாதீர்கள்" என்று காவல் உடையில் காணொளியில் தோன்றி மிரட்டுவது மற்றொரு வகை. நம் நாட்டுச் சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று இல்லவே இல்லை. எந்த வங்கியும் ஓ.டி.பி. எண்ணைக் கேட்பதில்லை. எந்தக் காவல் அதிகாரியும் தொலைபேசியில் பணம் கேட்டு வழக்கை முடிப்பதில்லை. அவசரமும் அச்சமும் இரகசியமும் சேர்ந்து வந்தால் அது மோசடி என்று கொள்க.

பணம் போய்விட்டதாயின் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு மாறுமுன் தகவல் சென்றால், அதனை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. இங்கே ஒவ்வொரு நிமிடமும் மதிப்புடையது.

இதனால்தான் வீட்டுப் பெரியவர்களிடம் நாம் நடந்துகொள்ளும் முறை மிக முக்கியமாகிறது. அந்தக் காலத்தில் தொலைபேசி மணிக்கு மதிப்பளித்துப் பழகிய பாட்டி, அழைத்தவர் பேச்சை இடையில் முறிப்பது பண்பன்று என்று நினைப்பார். அவர் ஏமாந்துவிட்டால், "இது கூடத் தெரியாதா?" என்று நாம் ஏசுவோமோ என்று அஞ்சி மறைப்பார். மறைத்த அந்த ஒரு நாளில் பணம் கைக்கெட்டாத தூரம் போய்விடும். ஆகவே, "என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் சொல்லுங்கள் பாட்டி, நான் கோபிக்க மாட்டேன்" என்று இன்றே சொல்லி வையுங்கள். அந்த வாக்கு எந்தப் பூட்டையும் விட உறுதியானது.

செய்ய வேண்டியவை

தோழியரே, இவ்வாரம் ஒரு சிறிய அட்டை எடுங்கள். தமிழில், பெரிய எழுத்தில் இவற்றை எழுதுங்கள்:

விளம்பரத் தொல்லைக்கு 1909.
பண மோசடிக்கு 1930.
ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லக்கூடாது.
வேண்டாம் என்று சொல்லி வைத்துவிடலாம்.
சந்தேகம் வந்தால் வீட்டில் ஒருவரைக் கேட்க வேண்டும்.

அதனைப் பாட்டி அமரும் இடத்துக்கு எதிரே சுவரில் ஒட்டுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் அவரவர் சம்மதத்தோடு நீங்களே பதிவு செய்து கொடுங்கள். அடுத்த வீட்டில் தனியே வாழும் முதியவர் இருந்தால் அவருக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். நாம் கற்ற கல்வி வீட்டுக்கும் தெருவுக்கும் பயன்படும் வழி இதுவே.