மீனவர் கிராமத்தில் ஒரு பகல்

கரிபியன் கடலிலுள்ள ஜமைக்காத் தீவின் தென்கரையில், செயின்ட் எலிசபெத் ஜில்லாவில் இருக்கிறது டிரெஷர் பீச் என்னும் மீனவர் கிராமம். நான்கு சிறு குடாக்களை ஒட்டிய குடியிருப்புகளின் தொகுதியே அது. வடகரையிலுள்ள பெரிய உல்லாச விடுதிகளின் ஆரவாரம் இங்கில்லை. ஆயினும், இவ்வூரை ஒரு பகல் சுற்றிவரும் பஞ்சாயத்து அங்கத்தினருக்கும் விவசாயிக்கும் அங்கே பாடம் உண்டு.

காலையில் கடற்கரைக்குச் சென்றால், வெளி இயந்திரம் பூட்டிய திறந்த படகுகள் மணலில் ஏற்றப்பட்டிருப்பதைக் காணலாம். சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெட்ரோ திட்டு வரையிலும் சென்று மீன் பிடிப்போர் உண்டு. மரச்சட்டத்தில் கம்பி வலை பின்னிய கூடுகளே முக்கிய சாதனம். நம் இராமநாதபுரக் கரையினர் வைக்கும் கூட்டை ஒத்தவை. சிங்கி இறால் பிடிக்க ஏப்ரல் 1 முதல் ஜூன் 30 வரை சட்டப்படி தடை உண்டு. ஊரார் 1998இல் அமைத்துக்கொண்ட பிரெட்ஸ் என்னும் சங்கம், 2009இல் அறிவிக்கப்பட்ட மீன் காப்பிடமொன்றின் பராமரிப்பை ஏற்றுள்ளது. அவ்வெல்லைக்குள் மீன்பிடித்தல் கூடாது. குஞ்சுகள் அங்கே வளர்ந்து வெளியேறினால் சுற்றுக் கடலிலும் மீன் பெருகும் என்பதே நோக்கம். தம் கடலில் ஒரு பகுதியைத் தாமே காவல் காப்பது எளிதான காரியமன்று.

2024 ஜூலை 3ஆம் தேதி பெரில் புயல் இக்கரையை ஒட்டிக் கடந்து கடும் சேதம் விளைத்தது. 2025 அக்டோபர் 28ஆம் தேதி மெலிசா புயல் இந்த ஜில்லாவையே சீர்குலைத்தது. கடலை மட்டும் நம்பிய குடும்பம் இத்தகைய காலத்தில் என்ன செய்யும்? இங்கு மீன்பிடிப்போரில் பலர் உழவரும் ஆவர். ஆகவே, நண்பகலில் கரையை விட்டு வயல்களுக்குச் செல்லுதல் அவசியம்.

வயல்கள் செம்மண் பூமி. சாண்டா குரூஸ் மலைகள் மழையைத் தடுத்துவிடுவதால் இப்பகுதி வறண்டது. இருந்தும் இந்த ஜில்லா, ஜமைக்காவின் உணவுக் களஞ்சியம் எனப் பெயர் பெற்றது! காரணங்களுள் முதன்மையானது கினியாப் புல். நாம் மாட்டுக்குப் போடும் அதே புல்தான். அவர்கள் அதை அறுத்து உலர்த்தி, மண் தெரியாதபடி தடிப்பாகப் பரப்பி, அதனை விலக்கி விலக்கித் தக்காளி, தர்ப்பூசணி, தாள் வெங்காயம் முதலியவற்றை நடுகின்றனர். மூடாக்கின் கீழ் ஈரம் விரைவில் ஆவியாவதில்லை, களை அடங்குகிறது, திடீர் மழையில் மண் கரைவதில்லை, நாளடைவில் புல்லும் மக்கி உரமாகிறது. தண்ணீரை விலைகொடுத்து வாங்கி ஊற்ற நேரும் இடத்தில் இது பெரும் மிச்சமல்லவா? இதற்கென்றே புல் வளர்த்து விற்போரும் உண்டு.

நம் மானாவாரித் தோட்டங்களில் முதலில் ஐந்து சென்ட் அளவில் செய்து பார்க்கலாம். மாட்டுத் தீவனத்தைக் குறைத்துக்கொண்டு மூடாக்குப் போடுவது தகாது. வரப்பிலும் வேலியோரத்திலும் தனியே புல் வளர்த்தல் நலம். விதை முற்றுமுன் அறுக்கவேண்டும். இல்லையேல் அதுவே களையாகும். உலர்ந்த புல்லில் நெருப்புப் பற்றினால் பயிரும் சேர்ந்து எரியும். கோடையில் செயின்ட் எலிசபெத் உழவர்கள் இவ்வாறு வயல்களை இழந்ததுண்டு. ஆதலால், தோட்டத்தைச் சுற்றி நான்கடி அகலம் புல்லின்றிச் செதுக்கிவிடுக.