தாளில் எழுந்த அணை

நுழையும்முன்

ஒரு செயலைத் தொடங்கும் ஆர்வம் பலரிடம் உண்டு. அதனை முடிக்கும் வழியை முன்னரே வகுத்துக்கொள்ளும் பொறுமை சிலரிடமே உண்டு. எதைச் செய்வது, யார் செய்வது, எந்த வரிசையில் செய்வது, எவ்வளவு செலவில் செய்வது என்னும் வினாக்களுக்கு வேலை தொடங்குமுன்பே விடை காண்பதுதான் திட்டமிடல். அதன் படிநிலைகளை முல்லைப்பெரியாறு அணையின் வரலாற்றின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

மேற்கே பாய்ந்த ஆறு

மேற்குத்தொடர்ச்சி மலையில் தோன்றும் பெரியாறு, மேற்கு நோக்கிப் பாய்ந்து அரபிக்கடலில் கலக்கிறது. மலையின் கிழக்கே உள்ள வைகைப் படுகையோ மழை பொய்த்தால் வறண்டுவிடும் நிலம். கடலுக்குச் செல்லும் நீரைக் கிழக்கே திருப்பினால் அந்நிலம் செழிக்கும் என்னும் எண்ணம் 18ஆம் நூற்றாண்டிலேயே தோன்றிவிட்டது. 1789இல் இராமநாதபுர அமைச்சர் முத்திருளப்பப் பிள்ளை அதற்கான வழியை ஆராய ஆள்களை அனுப்பினார். பொருள்வளம் இன்மையால் முயற்சி தொடரவில்லை. 1808இல் மலையை ஆராய்ந்த ஜேம்ஸ் கால்டுவெல் என்னும் படை அலுவலர், இது நிறைவேறக்கூடியதன்று என்று கருத்துரைத்தார்.

1850இல் சிறிய அளவில் வேலை தொடங்கப்பட்டது. காட்டின் நோய்ச்சூழலைக் காரணம் காட்டித் தொழிலாளர்கள் கூடுதல் ஊதியம் கேட்டனர், வேலை நின்றது. அணை கட்டும் ஆசை இருந்தது. கட்டுவோர் அங்கு எவ்வாறு வாழ்வர் என்னும் வினாவுக்கு விடை இல்லை. 1876இல் தொடங்கிய கொடிய பஞ்சம் இத்திட்டத்தின் தேவையை மீண்டும் உணர்த்தியது. 1882இல் திட்டத்தைப் புதிதாக வகுக்கும் பொறுப்பு பென்னிகுவிக் என்னும் பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1884இல் அவருடைய திட்டமும் மதிப்பீடும் ஏற்கப்பட்டன. 1887இல்தான் கட்டுமானம் தொடங்கியது. முதற்கல் வைப்பதற்குமுன் ஐந்து ஆண்டுகள் தாளிலும் பேச்சிலும் கழிந்தன. அவை வீணான ஆண்டுகள் அல்ல.

தொடங்கும் நிலை

தொடக்கமும் முடிவும் உடையதாய், குறித்த ஒரு பயனை உருவாக்குவதற்காக மேற்கொள்ளப்படும் முயற்சியே திட்டம். அணையிலிருந்து நாள்தோறும் நீர் திறந்துவிடுவது தொடர்பணி. அணையைக் கட்டுவது திட்டம்.

திட்டத்தின் முதற்படி இயலுமை ஆய்வு. இதனைச் செய்ய முடியுமா, செய்வதால் விளையும் பயன் செலவுக்கு ஈடாகுமா என்று ஆராய்வதே அது. ‘இயலாது’ என்பதும் இந்நிலையில் பயனுள்ள விடையே. தாளிலேயே ஒரு முயற்சியை நிறுத்தினால் ஏற்படும் இழப்பு சிறிது. பாதி கட்டியபின் நிறுத்தினால் ஏற்படும் இழப்பு பெரிது.

இரண்டாம் படி தொடக்க ஆவணம். திட்டத்தின் நோக்கம், பொறுப்பாளர், அவருக்குரிய அதிகாரம், செலவின் வரம்பு ஆகியவை அதில் இடம்பெறும். பொறுப்பாளர் யார் என்று எழுதப்படாத வேலை எல்லாருடைய வேலையாகத் தோன்றும். இறுதியில் எவருடைய வேலையாகவும் இராது.

மூன்றாம் படி தொடர்புடையோரை அறிதல். நீர் வேண்டியவர்கள் சென்னை மாகாணத்தில் இருந்தனர். அணைக்குரிய இடமோ திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. எனவே 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலத்தை 999 ஆண்டுகளுக்குக் குத்தகைக்குப் பெறும் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்பிறகே கட்டுமானம் தொடங்கியது. எவருடைய ஒப்புதல் இன்றி வேலை நடவாதோ, அவரிடம் முதலில் பேசுவது திட்டமிடுவோரின் கடமை.

பகுத்தலும் வரிசைப்படுத்தலும்

தொடக்கநிலைக்குப்பின் விரிவான திட்டமிடல் வருகிறது. அதில் முதலில் வரையறுக்கப்படுவது பணி எல்லை. பெரியாற்றுத் திட்டத்தின் நோக்கம் சுவர் எழுப்புவதன்று. நீரைக் கிழக்கே கொண்டுசெல்வது. ஆகவே மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் மிகுதியான நீளத்தில் சுரங்கம் அமைப்பதும் அத்திட்டத்தின் பகுதியாயிற்று. நோக்கத்தை மறந்து எல்லையை வரைந்திருந்தால், அணை நிறைந்திருக்கும், வயல் நனைந்திராது.

அடுத்தது பணிப் பகுப்பு. பெரிய வேலையைச் சிறுசிறு வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரையும் காலத்தையும் குறிப்பது இது. அதன்பின் எது முன், எது பின் என வரிசைப்படுத்த வேண்டும். இவ்வரிசையின் பயனை ஒரு சிறு கணக்கால் உணரலாம்.

ஒரு பள்ளியில் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பை உருவாக்குவதாகக் கொள்வோம். கூரையை அளந்து வரைபடம் வரைய 3 நாள். ஒப்புதலும் நிதியும் பெற 4 நாள். அதன்பின் இரு வேலைகள் ஒரேநேரத்தில் நடைபெறலாம். ஒரு குழு 5 நாளில் குழி தோண்டி, 2 நாளில் அதனைக் கூழாங்கல்லும் மணலும் கொண்டு நிரப்பும். மற்றொரு குழு 3 நாளில் குழாய்களை வாங்கி, 2 நாளில் பொருத்தும். இறுதியாக இரண்டையும் இணைத்துச் சோதிக்க 1 நாள்.

வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் 20 நாள் ஆகும். வரிசை அறிந்து செய்தால், குழி தோண்டும் பாதைக்கு 15 நாளும் குழாய் பொருத்தும் பாதைக்கு 13 நாளும் ஆகும். ஆகவே 15 நாளில் திட்டம் முடியும். காலத்தை முடிவுசெய்யும் இந்நீண்ட பாதையே மாறுநிலைப் பாதை எனப்படும். குழாய் வாங்க 2 நாள் தாமதமானாலும் திட்டம் தாமதமாகாது. குழி தோண்ட 1 நாள் தாமதமானாலும் திட்டமே ஒரு நாள் தாமதமாகும். எவ்வேலையைக் கூடுதல் விழிப்புடன் கவனிக்க வேண்டும் என்பதை இக்கணக்கு முன்கூட்டியே காட்டிவிடுகிறது.

தெரியுமா?

வேலைகளையும் அவற்றுக்குரிய காலத்தையும் பட்டைகளாகக் காட்டும் காண்ட் வரைபடம், ஹென்றி காண்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளரின் பெயரால் வழங்குகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது பரவியது. மாறுநிலைப் பாதை முறை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் உருவாயிற்று.

இடர்களை எண்ணுதல்

எத்துணை நுணுகித் திட்டமிட்டாலும் எதிர்பாராதன நிகழும். பெரியாற்றில் வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய தற்காலிக அணைகள் மீண்டும் மீண்டும் அடித்துச் செல்லப்பட்டன. காட்டுக் காய்ச்சல் தொழிலாளர் பலரின் உயிரைப் பறித்தது. அணை 1895ஆம் ஆண்டு அக்டோபரில் திறந்துவைக்கப்பட்டது. வைகைப் படுகை நீர் பெற்றது. ஆயினும் அந்நீருக்குக் கொடுக்கப்பட்ட விலையில் உயிர்களும் அடங்கும்.

எனவே இடர்களைப் பட்டியலிடுதல் திட்டத்தின் இன்றியமையாப் பகுதியாகும். எது நிகழக்கூடும், நிகழ்ந்தால் எவ்வளவு பாதிப்பு, தடுக்கும் வழி என்ன, தடுக்க இயலாவிடின் மாற்றுவழி என்ன என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை எழுதப்பட வேண்டும். பணமும் காலமும் மட்டும் கணக்கிடப்பட்டு, உழைப்போரின் பாதுகாப்பு கணக்கில் சேராத திட்டம் முழுமையான திட்டமாகாது.

குறள் காட்டும் வரிசை

திட்டமிடல் தமிழர்க்குப் புதிய சிந்தனையன்று. திருக்குறளின் 47ஆம் அதிகாரம் முதல் 52ஆம் அதிகாரம் வரையுள்ள தலைப்புகளை வரிசையாக நோக்கினால் இது விளங்கும்: தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல். செயலை ஆராய்தல், வளத்தை அளத்தல், காலத்தையும் இடத்தையும் தேர்தல், தக்காரைத் தெரிதல், அவரிடம் பணியை ஒப்படைத்தல் என்னும் ஒழுங்கை அவற்றில் காணலாம்.

முன்கூட்டியே முழுமையாக வகுக்கும் இம்முறை, அணை, பாலம், கட்டடம் போன்று முடிவு தெளிவாகத் தெரிந்த பணிகளுக்கு மிகவும் ஏற்றது. பயன்படுத்துவோரின் தேவை அடிக்கடி மாறும் மென்பொருள் போன்ற பணிகளில், சிறிது செய்து, பயன்பார்த்து, திருத்திச் செல்லும் முறைகளும் கையாளப்படுகின்றன. எம்முறையாயினும் அடிப்படை ஒன்றே: தாளில் எழுதிய கோட்டை அழித்துத் திருத்தலாம், கல்லில் எழுப்பிய சுவரை இடித்தே திருத்த வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. பள்ளி ஆண்டுவிழாவுக்கான தொடக்க ஆவணம் ஒன்றை ஒரு பக்க அளவில் உருவாக்குக.
2. மழைநீர்ச் சேகரிப்புத் திட்டத்தில் ஒப்புதல் பெற 4 நாளுக்குப் பதில் 6 நாள் ஆனால், திட்டம் எத்தனை நாளில் முடியும்? காரணம் கூறுக.
3. உங்கள் ஊரில் தொடங்கி நின்றுபோன ஒரு பொதுப்பணி எந்தப் படிநிலையில் தவறியது என்பதைக் குழுவாகக் கலந்துரையாடுக.