பண்ணை இயந்திரங்களைப் பேணுதலும் இடமறிதலும்

திருகோணமலை மாவட்டத்துக் கமக்காரர் இன்று மாட்டையும் மண்வெட்டியையும் மாத்திரம் நம்பிக் கமஞ்செய்வதில்லை. கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர், சேருவில ஆகிய இடங்களின் நெல்வயல்களில் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் தொழில் செய்கின்றன. நிலாவெளி, குச்சவெளிப் பகுதித் தோட்டங்களில் நீரிறைக்கும் இயந்திரம் இன்றிக் காய்கறிச் செய்கை நடவாது.

இவ்வியந்திரங்கள் தக்க தருணத்தில் தொழிற்படாவிடின் நேரும் நட்டம் பெரிது. கதிர் முற்றிச் சாய்ந்து நிற்கும் வேளையில் அறுவடை இயந்திரம் பழுதுற்றால் நெல் உதிரும். மழையும் பெய்தால் கதிரிலேயே முளைக்கும். வெங்காயம் கிழங்கு கட்டும் பருவத்தில் நீரிறைப்புத் தடைப்பட்டால் கிழங்கு சிறுத்துவிடும். பின்னர் இயந்திரத்தைத் திருத்தலாம். இழந்த விளைச்சலைத் திருத்தல் இயலாது.

இயந்திரம் உடையோருக்கென இரு வகைச் சாதனங்கள் இப்பொழுது விற்கப்படுகின்றன. ஒன்று கைத்தொலைபேசியில் இயங்கும் பராமரிப்பு மென்பொருள். மற்றையது இயந்திரத்தில் பூட்டப்படும் இடமறி கருவி. ஒன்றை வாங்கினால் மற்றையதும் கிடைத்தது போலாகும் எனக் கருதுவோர் உளர். அது சரியன்று. இவ்விரண்டின் வேறுபாட்டை அறிந்தபின் பணம் செலவிடுவதே நன்று.

இரண்டும் செய்யும் தொழில்

இடமறி கருவி வானில் சுற்றிவரும் செய்மதிகளின் நேரக் குறிகளைப் பெறுகின்றது. குறைந்தது 4 செய்மதிகளின் குறிகள் கிடைப்பின் தான் நிற்கும் இடத்தைக் கணித்துக்கொள்ளும். வெட்டவெளியான வயலில் இக்கணிப்பு சில மீற்றருக்குள் அமையும். பின்னர் தன்னுள் இருக்கும் சிம் அட்டையின் மூலம் அவ்விடத்தை உடையவரின் தொலைபேசிக்கு அறிவிக்கும். தொலைபேசி அலை எட்டாத இடத்திலும் பற்றரி இறங்கிய வேளையிலும் இவ்வறிவித்தல் கிடைக்காது.

பராமரிப்பு மென்பொருள் செய்மதியை நாடுவதில்லை. அது ஒரு கணக்குப்புத்தகம் போன்றது. எந்த இயந்திரத்துக்கு எந்த வேலை எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருமுறை செய்யப்படல் வேண்டும், கடைசியாக எப்பொழுது செய்யப்பட்டது, அடுத்த தவணை எப்பொழுது என்பவற்றை அது காட்டும். பழுது, மாற்றிய உறுப்பு, செலவு ஆகியவற்றையும் அதில் எழுதி வைக்கலாம். நாம் எழுதாததை அது அறியாது.

சுருங்கக் கூறின், முன்னையது "எங்கே?" என்னும் வினாவுக்கும் பின்னையது "எந்நிலையில்?" என்னும் வினாவுக்கும் விடை தருவனவாம்.

ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது

கிணற்றடியில் நிற்கும் நீரிறைக்கும் இயந்திரத்தை நோக்குங்கள். நாளொன்றுக்கு 6 மணித்தியாலம் அது தொழில் செய்யினும் நின்ற இடத்தைவிட்டு ஓர் அடியும் நகராது. இடமறி கருவியின் படத்தில் அது ஓய்ந்திருப்பது போலவே தோன்றும். அதன் ஒயிலோ நாளுக்கு நாள் கருத்து வலுவிழக்கும். இதற்கு மாறாக, லொறியில் ஏற்றப்பட்டு மூதூரிலிருந்து கந்தளாய்க்குச் செல்லும் உழவு இயந்திரம் நெடுந்தூரம் ஓடியதாகப் படத்தில் காணப்படும். அதன் எஞ்சினோ ஒரு நிமிடமும் இயங்கியிராது. ஆகவே, சென்ற தூரத்தைக்கொண்டு தேய்மானத்தை அளத்தல் பிழையாகும்.

சீனன்குடாவை அடுத்துள்ள எண்ணெய்த் தாங்கிகளை இம்மாவட்டத்தார் யாவரும் அறிவர். ஆங்கிலேயர் காலத்தில் அமைக்கப்பட்டவற்றுள் 99 தாங்கிகள் கணக்கில் உள்ளன. அவை எங்கே நிற்கின்றன என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. எனினும் மேற்பகுதித் தாங்கிகள் பல்லாண்டுகள் பயனின்றிக் காட்டினுள் கிடந்தன. 2022 ஜனவரியில் இலங்கையும் இந்தியாவும் கூட்டாக அபிவிருத்தி செய்வதற்கென 61 தாங்கிகள் ஒதுக்கப்பட்டன. இடம் அறியப்பட்டிருத்தல் ஒரு பொருளைத் துருவினின்றும் காப்பதில்லை என்பதற்கு இதனினும் அண்மையான சான்று வேண்டியதில்லை. நும் கொட்டிலில் நிற்கும் இயந்திரத்துக்கும் இது பொருந்தும். கடற்கரையை அடுத்த ஊர்களில் உப்புக் காற்றினால் துரு இன்னும் விரைந்து பற்றும்.

யப்பானியர் கண்ட வழி

யப்பானில் 1990ஆம் ஆண்டுகளின் இறுதியில் மண்ணகழும் இயந்திரங்கள் களவாடப்பட்டு, வங்கிகளின் பணம் வழங்கும் பொறிகளைப் பெயர்த்தெடுக்கப் பயன்படுத்தப்பட்டன. கொமட்சு என்னும் நிறுவனம் தன் இயந்திரங்களில் இடமறி கருவியைப் பொருத்துவதற்கு இக்களவும் ஒரு காரணமாயிற்று. 2001ஆம் ஆண்டு முதல் யப்பானில் விற்கும் இயந்திரங்களில் அதனை நிலையான உறுப்பாகச் சேர்த்தது. அக்கருவி இடத்தை மாத்திரமன்றி எஞ்சின் இயங்கிய மணித்தியாலங்களையும் எரிபொருளின் அளவையும் பழுதுக் குறிகளையும் அறிவித்தது. களவைத் தடுக்க வந்த சாதனம் பராமரிப்புக்கும் உதவிற்று. அதற்கு ஏது, அது எஞ்சினின் மணிக்கணக்கை அறிந்தமையே. இடமறிதலையும் பராமரிப்பையும் இணைக்கும் பாலம் இம்மணிக்கணக்கே என்பது இதனால் விளங்கும்.

மணிக்கணக்கை எழுதும் முறை

ஓர் உதாரணம் காட்டுவோம். இருசில்லு உழவு இயந்திரம் ஒன்றுக்கு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றல் வேண்டும் எனக் கொள்வோம். கடைசியாக 420ஆவது மணியில் மாற்றப்பட்டது. அடுத்த தவணை 520ஆவது மணி. இன்றைய கணக்கு 496 ஆயின் எஞ்சியிருப்பது 24 மணித்தியாலம். நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் உழுதால் 3 நாளில் தவணை வந்துவிடும். வயல் உழவு முடிய இன்னும் 5 நாள் உண்டாயின், நடுவயலில் நின்று தவிப்பதினும் இன்றே ஒயில் வாங்கி வைத்தல் அறிவுடைமையாகும். மென்பொருள் செய்வதும் இக்கணக்கையே. கொப்பியும் பென்சிலும் கொண்டு இதனைச் செய்வதற்குத் தடை ஏதும் இல்லை.

ஒயில் மாற்றும் தவணை இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும். தயாரித்தோர் தந்த கைந்நூலில் உள்ளதையே பின்பற்றுக. புதிய எஞ்சினுக்கு முதல் ஒயில் மாற்றம் வழமையிலும் முந்திச் செய்யப்படல் வேண்டும். மணி காட்டும் மானி இல்லாத எஞ்சினுக்குத் தொடங்கிய நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் எழுதுக. அதுவும் இயலாவிடின், ஒரு மணித்தியாலத்துக்குச் செல்லும் எரிபொருளை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டு, பின்னர் ஊற்றிய எரிபொருளிலிருந்து மணியைக் கணிக்கலாம்.

இடமறிதல் வேண்டப்படும் வேளை

இடமறி கருவி வீணானது என நாம் கூறவில்லை. ஒரு மாவட்டத்தில் அறுவடை முடிந்ததும் மறு மாவட்டத்துக்குச் செல்லும் அறுவடை இயந்திரத்துக்கும், கூலிக்கு விடப்படும் நாற்சில்லு உழவு இயந்திரத்துக்கும் அது பெரிதும் உதவும். அடுத்த வயலுக்கு இயந்திரம் எப்பொழுது வந்துசேரும் என்பதை முன்கூட்டி அறியலாம். களவு போயின் தேடுவதற்கும் துணையாகும்.

இன்னொரு பயனும் உண்டு. களைநெல் நம் நாட்டு வயல்களில் பெருந்தொல்லை தருவதாகும். இளம்பருவத்தில் பயிர்நெல்லைப் போலவே தோன்றுவதால் அதனைப் பிடுங்குதலும் களைநாசினியால் அழித்தலும் அரிது. அறுவடை இயந்திரத்தின் வெட்டும் பகுதியிலும் தானியத் தொட்டியிலும் சேற்றிலும் ஒட்டியிருக்கும் விதைகள் வயல்விட்டு வயல் செல்லும். இயந்திரம் கடைசியாக எந்த வயலில் அறுத்தது என்பதை அறிந்தால் எவ்வளவு கவனமாகத் துப்புரவு செய்தல் வேண்டும் என்பதும் தெரியும். ஆயினும் துப்புரவு செய்வது மனிதனின் கையே, கருவி அன்று.

கமக்காரர் அமைப்புகள் செய்யத்தக்கவை

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற கமக்காரர் அமைப்புகள் இயந்திரங்களைப் பொதுவில் வைத்திருப்பின் பின்வருவனவற்றை மேற்கொள்ளலாம். பொதுப்பொருளை எல்லாரும் ஓட்டுவர். பேணுபவரைக் காண்பது அரிது. ஆதலால் ஒழுங்கு அவசியம்.

1. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இலக்கம் இட்டு, தனிக் கொப்பி ஒன்று வைத்தல் வேண்டும். கொப்பி இயந்திரத்துடனேயே செல்லல் வேண்டும்.

2. இயந்திரத்தைக் கொண்டுசெல்வோர் திகதி, வயல், தொடக்க மணி, முடிவு மணி ஆகிய நான்கையும் எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். இடமும் நிலையும் இவ்வொரு வரியிலேயே அடங்கிவிடும்.

3. தொழில் தொடங்குமுன் ஒயிலும் நீரும் உரிய அளவில் உள்ளனவா என்பதைப் பார்த்தல், காற்று வடிகட்டியைத் துப்புரவாக்குதல், பெல்ற்றின் இறுக்கத்தைச் சோதித்தல் ஆகியன நாள்தோறும் செய்யப்படல் வேண்டும்.

4. அறுவடை இயந்திரம் வயலைவிட்டு நீங்குமுன் உள்ளும் புறமும் துப்புரவாக்கப்படல் வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சுழலும் உறுப்புகள் யாவும் ஓய்ந்த பின்னரே கையை உள்ளே இடுக.

5. போகம் முடிந்ததும் கழுவி, உலர்த்தி, கிறீஸ் இட்டு, கூரையின்கீழ் நிறுத்துக. கொப்பியைப் பார்த்துத் தேய்ந்த உறுப்புகளை அடுத்த போகத்துக்கு முன் மாற்றுக.

6. ஒரு போகம் முழுவதும் கொப்பி ஒழுங்காக எழுதப்பட்ட பின்னர் மென்பொருளுக்கு மாறலாம். எழுதும் பழக்கம் இல்லாதவிடத்து மென்பொருளும் வெற்றேடாகவே கிடக்கும்.

7. ஊர்விட்டு ஊர் செல்லும் இயந்திரங்களுக்கு மாத்திரம் இடமறி கருவியை வாங்குக. வாங்கும்போது எஞ்சின் இயங்கிய மணியையும் அது பதிவுசெய்யுமா எனக் கேட்டறிக. மாதந்தோறும் செலுத்தவேண்டிய தொலைபேசிக் கட்டணத்தையும் செலவிற் சேர்த்துக்கொள்க.

பெரும்போக உழவு தொடங்குமுன் கிடைக்கும் நாட்களே இவ்வேலைகளுக்கு ஏற்றவை. இயந்திரம் எங்கே நிற்கின்றது என்பதை அயலவரிடம் கேட்டும் அறியலாம். அது நாளை தொழில் செய்யுமா என்பதை அதன் கொப்பியே கூறும். அக்கொப்பியை இப்போகத்திலேயே தொடங்குமாறு கமக்காரரைக் கேட்டுக்கொள்கிறோம்.