ஈரத்துக்கு ஓர் இடம்: தமிழ்நாட்டு வீடுகளில் சமையலறையைப் புதுப்பித்தல்

தமிழ்நாட்டு வீடுகளில் சமையலறையைப் புதுப்பிக்கும் வேலை பெரும்பாலும் அலமாரிக் கதவுகளின் நிறத்தையும் மேடைக் கல்லின் வகையையும் தேர்ந்தெடுப்பதில்தான் தொடங்குகிறது. ஆனால் புதுப்பித்து இரண்டு மூன்று மழைக்காலம் கடந்த சமையலறைகளில் எவை முதலில் கெடுகின்றன என்று பார்த்தால், சிங்க்குக்குக் கீழுள்ள கதவு உப்பிப்போவதும், மேடையின் பின்சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வதும், கீல்கள் துருப்பிடித்து இறுகுவதும், மேல் அலமாரியின் அடிப்பலகையில் எண்ணெய்ப் பிசுக்கோடு பூசணம் படிவதுமாக, எல்லாமே நீரோ நீராவியோ போக வழியின்றித் தங்கியதன் விளைவுகளாகவே இருக்கின்றன. அரிசி களைதல், உளுந்தை ஊறவைத்து அரைத்தல், கீரை அலசுதல், மீன் கழுவுதல், புளி கரைத்தல், இட்லி அவித்தல், சோறு வடித்தல் என்று தமிழ்ச் சமையலின் பெரும்பகுதி தண்ணீரோடு நடக்கும் வேலையாதலால், அந்தத் தண்ணீருக்கு இடம் வகுத்த பின்னரே மற்றவற்றை வகுப்பது முறையாகும்.

பழைய வீடுகளில் இந்தப் பிரிவினை இயல்பாகவே இருந்தது. காவிரிப் படுகையின் அக்ரகார வீடு, தெருவிலிருந்து கொல்லை வரை நீளும் ஒடுக்கமான மனையில், திண்ணை, ரேழி எனப்படும் நடைவழி, கூடம், வானம் பார்த்த முற்றம், அதையடுத்துச் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் கிணறு உள்ள கொல்லை என்ற வரிசையில் அமைந்தது. சமையல்கட்டில் அடுப்பு வேலை மட்டுமே நடக்க, அம்மியும் ஆட்டுக்கல்லும் தாழ்வாரத்தில் இடம்பெற, பத்துப் பாத்திரம் தேய்ப்பது கிணற்றடிக்குப் போயிற்று. தேய்த்த தண்ணீர் அங்கிருந்த வாழைக்குப் பாய்ந்தது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில், ஒரு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும் சேர்ந்து ஒரு 'கட்டு' ஆக, அடுப்படி பின்கட்டுகளுக்குத் தள்ளப்பட்டது. கல்யாணச் சமையலுக்கு அந்தப் பின்முற்றமே களமாயிற்று. யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலோ குசினி, வீட்டிலிருந்து விலகிய தனிக் கட்டடமாகவே நின்றது. வடிவங்கள் வேறானாலும், அடுப்பு வேறு, ஈர வேலை வேறு என்ற ஏற்பாடு எல்லாவற்றிலும் ஒன்றே.

இன்று மாடுலர் என்ற பெயரில் விற்கப்படும், தொழிற்சாலையில் செய்த பெட்டிகளை அடுக்கிப் பொருத்தும் சமையலறை, வேறொரு நிலத்தில் வேறொரு தேவைக்காகப் பிறந்தது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் எர்ன்ஸ்ட் மே தலைமையில் எழுந்த குடியிருப்புகளுக்காக, ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த சமையலறை, சுமார் 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் உள்ள இடத்துக்குள், வேலையாள் வைத்துக்கொள்ள வசதியற்ற குடும்பத்துப் பெண்ணின் நடையும் நேரமும் மிச்சமாகும்படி ஒவ்வொரு பொருளையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்தது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. மாவில் புழு வைக்காமலிருக்க ஓக் மரப் பெட்டி, அரிசி பருப்பு போன்றவற்றைக் கொட்டி எடுக்கக் கைப்பிடி வைத்த அலுமினிய இழுப்பறைகள் என்று அந்த வடிவமைப்பில் காணப்படும் அக்கறை போற்றத்தக்கது. அந்த மரபு தமிழகத்து அடுக்ககங்களுக்கு வந்தபோது இடைவெளியற்ற பெட்டி வரிசை மட்டும் வந்து சேர்ந்தது. இங்குள்ள சமையலைக் கவனித்து அதற்கேற்ப இடம் ஒதுக்கும் அந்த அக்கறை வரவில்லை. குறை வடிவத்தில் இல்லை, அதை அப்படியே எடுத்து வைத்ததில் இருக்கிறது.

பழைய வீட்டைப் புதுப்பிப்போர் முதலில் கவனிக்க வேண்டியது சுவர். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர், மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை உள்ளே இழுத்து மெல்ல வெளியே விடும் தன்மையுடையது. அதன்மேல் சிமென்ட் பூசி, தரையிலிருந்து விட்டம் வரை பளபளப்பான டைல்ஸ் ஒட்டினால், வெளியேற வழியற்ற ஈரம் சுவருக்குள்ளேயே தங்கி, உப்பை முன்தள்ளி, நாளடைவில் பூச்சோடு டைல்ஸையும் பெயர்க்கிறது. ஆகவே அத்தகைய சுவரில் பழுதுபார்க்கும் பூச்சும் சுண்ணாம்பாகவே இருப்பதும், தண்ணீர் தெறிக்கும் ஓரிரண்டு அடி உயரத்துக்கு மட்டும் டைல்ஸ் ஒட்டி மேற்பகுதியைத் திறந்துவிடுவதும் பயன் தரும். மேடைக் கல்லைப் பதிக்க இத்தகைய சுவரில் காடி வெட்டுவதையும் தவிர்த்து, செங்கல் கால்களின் மீதோ இரும்புச் சட்டத்தின் மீதோ கல்லைத் தனியே நிறுத்தலாம். நூறாண்டு கடந்த சுவரைப் பலவீனப்படுத்தாமல் சமையலறை புதிதாகிவிடும். செட்டிநாட்டு அழகுக்காக ஆத்தங்குடிக் கற்களைச் சமையலறைத் தரையில் பதிக்க விரும்புவோர், அவை சூளையில் சுட்டவை அல்ல, கண்ணாடிமேல் வண்ணக் கலவை ஊற்றிச் சிமென்ட்டால் வார்த்து உலர்த்தியவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். புளித்தண்ணீரும் சூடான எண்ணெயும் விழும் அடுப்படியில் அவை கறையேறி மங்கும், சாப்பாட்டு மேசையடியிலோ பல்லாண்டு மிளிரும்.

அடுக்கக வீட்டின் நிலை இதனினும் சிக்கலானது. அங்கே முற்றமும் தாழ்வாரமும் கிணற்றடியும் சேர்ந்து, சமையலறையை ஒட்டிய நான்கடி அகலப் பால்கனியாகச் சுருங்கிவிட்டன. கட்டுநர்கள் அதை யுடிலிட்டி என்கின்றனர். புதுப்பிக்கும்போது பெரும்பாலோர் செய்வது, அந்தப் பால்கனிக்குக் கண்ணாடி அடைப்பு போட்டு, உள்ளே வாஷிங் மெஷினையும் பழைய சாமான்களையும் நிரப்புவதாகும். அதன்பின் சமையலறைச் சன்னல், வெளியே திறக்காமல் மற்றோர் அறைக்குள் திறக்கிறது. இட்லிப் பானையின் ஆவியும் தாளிப்பின் நெடியும் அங்கே போய்ச் சுழன்று திரும்பி வருகின்றன. யுடிலிட்டி என்பது அந்த வீட்டில் எஞ்சியிருக்கும் ஒரே முற்றமாதலால், அதைக் கம்பி வலையோடு திறந்தே வைத்து, தரையை வீட்டுத் தரையைவிட ஓர் அங்குலமாவது தாழ்த்தி, நஹானி ட்ராப் எனப்படும் தரைவடிகாலை நோக்கி வாட்டம் கொடுத்து, பெரிய பாத்திரங்களுக்காகத் தாழ்வான ஒரு குழாயும் சிறு கரையும் அமைத்துவிட்டால், சமையலறைக்குள் நடக்கும் ஈர வேலையில் ஒரு பெரும் பங்கு வெளியேறிவிடும்.

உள்ளே எஞ்சும் ஈரத்துக்கான காவல் சிங்க்கின் ஓரத்தில் தொடங்குகிறது. கழுவிய பாத்திரத்திலிருந்து வழியும் தண்ணீர் கிரானைட்டின் முன்விளிம்பில் இறங்கி, கீழே சொட்டாமல் கல்லின் அடிப்பரப்பிலேயே ஒட்டி ஊர்ந்து, அலமாரிக் கதவின் மேல்விளிம்பில் போய்ச் சேர்கிறது. கதவு முதலில் உப்புவது அந்த விளிம்பிலும் கீழ்மூலையிலும்தான். கல்லின் அடியில், முன்விளிம்புக்கு ஓர் அங்குலம் உள்ளே, அறுவை இயந்திரத்தால் ஒரு மெல்லிய கோடு கீறிவிட்டால், ஊர்ந்துவரும் தண்ணீர் அங்கே தடைப்பட்டுத் தரையில் சொட்டிவிடும். செலவு மிகக் குறைவு. ஆயினும் கல் பதிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் எவரும் இதைச் செய்வதில்லை. சிங்க் பெட்டிக்கு மரத்தூளை அழுத்திச் செய்த பலகை எந்த விலையிலும் பொருந்தாது. இந்தியத் தரநிலையில் ஐ.எஸ். 710 என்று முத்திரையிடப்படும், கொதிநீரைத் தாங்கும் பசையால் ஒட்டிய மரைன் பிளைவுட்டோ, அதனினும் மேலாக 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வேண்டும். கடலோர ஊர்களில், நிக்கல் குறைந்த மலிவு ஸ்டீல் உப்புக்காற்றில் துருப்புள்ளி வைப்பதைக் கருதினால் இந்த வேறுபாடு முக்கியமானது. அந்த ஓரிடத்தில் மட்டும் கதவே இல்லாமல், பழைய வழக்கப்படி கடப்பாக் கல் தட்டுகளோடு திறந்து விடுவது இவை எல்லாவற்றையும்விட நல்லது. மேடைக்கு மார்பிளைத் தவிர்க்க வேண்டியதன் காரணம் வேதியியல் சார்ந்தது: அது கால்சியம் கார்பனேட்டால் ஆனதாகையால் புளியும் எலுமிச்சையும் பட்ட இடத்தில் அரிக்கப்பட்டு மெருகிழக்கிறது, மஞ்சளையும் உறிஞ்சிக்கொள்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கறுப்பு கிரானைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மேடையின் உயரத்தில் செய்யப்படும் பிழை சுவரில் தெரிவதில்லை, சமைப்பவரின் தோளிலும் இடுப்பிலும் தெரிகிறது. வேலை செய்யும் பரப்பு முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் தாழ்ந்திருப்பது நலம் என்பது பொது விதி. 5 அடி உயரமுள்ளவருக்கு முழங்கை ஏறத்தாழ 38 அங்குலத்தில் அமைவதால், நறுக்கும் மேடைக்கு 32 முதல் 34 அங்குலம் போதும். மேலை நாடுகளில் வழங்கும் 36 அங்குல அளவு அவருக்குப் பொருந்தாது. மேலும், மேடைமீது வைக்கப்படும் காஸ் அடுப்பே நான்கைந்து அங்குலம் உயர்ந்து நிற்க, அதன்மேல் குக்கரோ வாணலியோ ஏறும்போது கரண்டி பிடித்த கை தோள்மட்டத்தை நெருங்குகிறது. எனவே அடுப்பு நிற்கும் பகுதியை மட்டும் 29 அல்லது 30 அங்குலத்துக்குத் தாழ்த்துவது அவசியம். சிங்க்குக்கோ இதன் நேர்மாறு: கை வேலை செய்வது விளிம்பில் அல்ல, எட்டொன்பது அங்குலம் ஆழத்தில் என்பதால், அந்தப் பகுதி 35 அங்குலம் வரை உயரலாம். மேடை ஒரே மட்டத்தில் ஓடினால்தான் அழகு என்ற எண்ணத்துக்காக, நாள்தோறும் மூன்று வேளை நிற்பவரின் உடலை வருத்துவது எவ்வகையிலும் நியாயமாகாது.

புகையையும் ஆவியையும் வெளியேற்றும் சிம்னி எனப்படும் மின்கருவி, வாங்கும்போது பேசப்படும் உறிஞ்சுதிறனால் மட்டும் பயன்படுவதில்லை. குழாய் 6 அங்குல விட்டத்தோடு, கூடியவரை வளைவின்றி வெளிச்சுவரை அடைய வேண்டும். குழாயின்றி, கரித்தூள் வடிகட்டி வழியே காற்றைத் திரும்ப அறைக்குள்ளேயே விடும் வகை, நெடியை ஓரளவு குறைக்குமேயன்றி ஆவியையும் வெக்கையையும் துளியும் வெளியேற்றாது. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வந்தாக வேண்டுமாதலால், எல்லாச் சன்னலையும் சாத்திவிட்டுச் சிம்னியை ஓடவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். வாஸ்து முறைப்படி சமையலறையைத் தென்கிழக்கில், அதாவது அக்னி மூலையில் வைப்பது பரவலான வழக்கம். அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை, ஆனால் சென்னை போன்ற கீழைக் கடற்கரை ஊர்களில் பிற்பகல் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசுவதால், அதே திசைச் சுவரில் பொருத்திய வெளியேற்று விசிறி காற்றை எதிர்த்துத் திணறுகிறது. காற்று வரும் பக்கத்தில் சன்னலும், அதற்கு எதிர்ப்பக்கமோ பக்கவாட்டிலோ வெளியேற்றமும் அமைந்தால் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும்.

கிரைண்டருக்கு இடம் ஒதுக்காத திட்டங்கள் வியப்பூட்டும் அளவுக்குப் பெருகியுள்ளன. கற்களோடு பத்து கிலோவுக்கு மேல் கனக்கும் மேசைக் கிரைண்டரைக் கீழ் அலமாரியிலிருந்து வாரந்தோறும் தூக்கி வைப்பதை எந்த வயதினரிடமும் எதிர்பார்க்கலாகாது. யுடிலிட்டிக்கு அருகே, முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலான தாழ்மேடை, எட்டும் தூரத்தில் குழாய், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் பிளக் பாயின்ட் ஆகியவை அதற்கு நிரந்தரமாக வேண்டும். சிலிண்டரைக் கதவுக்குள் மறைப்போர், சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரைமட்டத்தில் தேங்கும் என்பதை உணர்ந்து, கதவின் கீழ்ப்பகுதியில் காற்றுத் துளைகள் விடுவதோடு, வெளிக்காற்று வரும் இடமாகவே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயு இலேசானது என்பதால், அதற்குத் திறப்பு கூரையருகே தேவை.

இவற்றை முடிவு செய்யும் பேச்சில், பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணும் கலந்துகொள்ள வேண்டும். எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, எந்தக் குழாய் தொட்டிக்கு மிக அருகில் இருப்பதால் அண்டா நுழைவதில்லை, எங்கே கால் வழுக்குகிறது என்பவற்றை வீட்டுக்காரரைவிட அவரே நன்கு அறிவார். அலமாரிகளின் உள்ளே எரியும் அலங்கார விளக்குகளுக்குப் பணம் ஒதுக்கும் குடும்பங்கள், அதில் ஒரு சிறு பகுதியைக் கொண்டே அவர் நிற்கும் இடத்துக்கு ஒரு நல்ல விளக்கும், சொரசொரப்பான தரைக்கல்லும், தலைக்கு மேல் ஒரு மின்விசிறியும் அமைத்துவிட முடியும். அதற்கான மின்குழாய்களைச் சுவர் பூசுவதற்கு முன்பே பதித்துவிட வேண்டும்.